ஐஎல்ஆர் சாவி கைக்கு வந்த தம்பிக்கு

தம்பி கேட்டது இது. தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநராகச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது, தடுப்பூசி வைக்கும் ஐஎல்ஆர் (ஐஸ் லைன்ட் ரெஃப்ரிஜிரேட்டர்) பெட்டியும் அவர் பொறுப்புக்கு வந்துவிட்டது. கோல்ட் செயின் (தடுப்பூசியைக் குளிர் குலையாமல் காத்துக் கொண்டுசேர்க்கும் ஏற்பாடு) பயிற்சி முடிவில் வைத்த கேள்வித்தாளில் 20-க்கு 18 வாங்கியிருக்கிறார். போன திங்கட்கிழமை பார்வையிட வந்த அதிகாரி மூன்றே மூன்று கேள்வி கேட்டாராம். ஐஸ் பேக் கேரியரில் (தடுப்பூசியை முகாமுக்குத் தூக்கிப் போகும் பெட்டி) வைக்கத் தயார் என்று எதை வைத்துச் சொல்வீர்கள், உறைந்திருக்குமோ என்று சந்தேகம் வரும் குப்பியை எப்படிச் சோதிப்பீர்கள், நேற்று ஞாயிற்றுக்கிழமை, பெட்டிக்குள் எத்தனை டிகிரி இருந்தது. மூன்றுக்கும் பதில் வரவில்லை. "எந்தப் புத்தகத்தைப் படித்தால் இதெல்லாம் வரும்?" என்று கேட்கிறார்.

தம்பி, அந்த அதிகாரி நல்ல மனுஷர். சுவரில் ஒட்டிய அட்டையைப் பார்த்தே பதில் சொல்லிவிடக்கூடிய கேள்வியை அவர் கேட்கவில்லை. நான் 2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிவதற்கு முன்பே இந்த வேலையில் சேர்ந்தவன், அரூர்ப் பக்கமும் இருந்திருக்கிறேன், தளிப் பக்கமும் இருந்திருக்கிறேன், கடைசி சில வருஷம் புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: "தடுப்பூசியை எத்தனை டிகிரியில் வைக்க வேண்டும்?" என்று கேட்டால் வகுப்பே எழுந்து நின்று "2 முதல் 8" என்று சொல்லும். அடுத்த நிமிடமே அவர்கள் கையில் ஒரு காலி கேரியரையும் டீப் ஃப்ரீசரிலிருந்து எடுத்த நாலு ஐஸ் பேக்கையும் கொடுத்து "கட்டுங்கள் பார்க்கலாம்" என்றால், பாதிப் பேர் அந்த ஐஸ் பேக்கை அப்படியே உள்ளே சொருகிவிடுவார்கள். எண் மனதில் இருக்கிறது, கைக்கு இன்னும் வரவில்லை.

இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நமக்கு 8-க்கு மேல் போவதைப் பற்றித்தான் பயம். 2-க்குக் கீழே போவதைப் பற்றி யாருக்கும் பயமே இல்லை. வெயிலில் வளர்ந்தவர்கள் நாம், பால் வெளியே இருந்தால் கெடும், மாவு வெளியே இருந்தால் புளிக்கும், குளிரில் இருந்தால் எல்லாம் நல்லா இருக்கும் என்று சின்ன வயதிலிருந்து பார்த்து வந்த புத்தி அது. "கொஞ்சம் கூடுதலாகக் குளிர்ந்தால் என்ன, நல்லதுதானே" என்று என்னிடமே எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். தடுப்பூசி விஷயத்தில் அந்தப் புத்தி குழந்தைக்கு ஆபத்து.

ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இது புரிந்துவிட்டால் மற்றது தானாக வரும்.

நம்மிடம் இருக்கும் தடுப்பூசிகளை வெப்பத்துக்குப் பயப்படுகிறவை, உறைவதற்குப் பயப்படுகிறவை என்று இரண்டு கூட்டமாக நினைத்துக்கொள்ளுங்கள். வெப்பத்துக்கு முதலில் போவது போலியோ சொட்டு மருந்து. அதில் இருப்பது உயிருள்ள, பலவீனப்படுத்திய வைரஸ், சூட்டில் செத்துவிடும், ஆனால் உறைந்தால் அதற்கு ஒன்றும் ஆகாது. அதனால்தான் மேல்மட்டக் கிடங்குகளில் அதை டீப் ஃப்ரீசரிலேயே வைக்கிறார்கள். பென்டா (ஐந்து நோய்க்கு ஒரே ஊசி), ஹெபடைடிஸ் பி, டி.டி. (டெட்டனஸ்-டிப்தீரியா), பி.சி.வி. (நிமோகாக்கல் தடுப்பூசி) எல்லாம் வேறு ஜாதி. இவற்றில் மருந்துச் சத்து அலுமினிய உப்பின் நுண்ணிய துகள்கள் மேல் ஒட்டிக்கொண்டு திரவத்தில் மிதக்கிறது. அந்த ஒட்டல்தான் குழந்தையின் உடம்பில் எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்புகிறது. ஒரு தடவை உறைந்தால் அந்தத் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து கட்டி கட்டியாகிவிடும். பிறகு உருகினாலும் பழைய நிலைக்கு வராது. திரிந்த பாலை மறுபடி பாலாக்க முடியாது, அந்த மாதிரி. ஊசி போட்ட இடத்தில் கட்டி வரலாம், அதைவிடப் பெரிய நஷ்டம், குழந்தைக்குப் பாதுகாப்பு கிடைத்துவிட்டது என்று அம்மாவும் நாமும் நம்பிக்கொண்டிருப்போம், உள்ளே பாதுகாப்பு குறைந்திருக்கும்.

திரிந்த பால் என்றேன், ஆனால் பால் திரிந்தால் கண்ணுக்குத் தெரியும். குப்பி அப்படித் தெரியாது, அதுதான் இதில் உள்ள கஷ்டம். உருகிய பிறகு மேலோட்டமாகப் பார்த்தால் அதே வெள்ளைக் கலங்கல்தான். லேபிளில் இருக்கும் வி.வி.எம். (வாக்சின் வயல் மானிட்டர்) வட்டமும் சொல்லாது. அந்த வட்டம் சூட்டுக் கணக்கு மட்டும்தான் வைத்திருக்கும். உள்ளே இருக்கும் சதுரம் சுற்றியுள்ள வட்டத்தைவிட வெளிறி இருக்கும்வரை போடலாம், வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டாலோ அதைவிடக் கறுத்தாலோ போடக்கூடாது, அவ்வளவுதான் அதன் வேலை. பத்து தடவை உறைந்து உருகினாலும் அது அழகாக வெளிறித்தான் நிற்கும். வட்டத்தைப் பார்த்து "நல்லா இருக்கு சார்" என்று சொல்வதுதான் நம் ஊழியர்களிடம் நான் பார்த்த தவறுகளிலேயே மிகப் பரவலானது.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். போலியோ சொட்டு மருந்துக் குப்பியில் இருக்கும் வி.வி.எம். 37 டிகிரியில் 2 நாளில் கறுத்துவிடும் வகை. பென்டாவில் இருப்பது 14 நாள் வகை. ஹெபடைடிஸ் பி-யில் 30 நாள் வகை. அதற்காக வெளியே வைக்கலாம் என்று அர்த்தமில்லை, பட்ட சூடு கூடிக்கொண்டே போகும், திரும்பக் குறையாது. ஆனால் ஒப்பிட்டுப் பாருங்கள்: சூட்டை அத்தனை நாள் தாங்குகிற ஹெபடைடிஸ் பி, பூஜ்யத்துக்கு அரை டிகிரி கீழே போனாலே உறைய ஆரம்பிக்கும். நாம் எதற்குப் பயந்து எதில் கோட்டை விடுகிறோம் என்று யோசியுங்கள். 2007-ல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு பல நாடுகளின் கணக்கைச் சேர்த்துப் பார்த்து, குளிர்பெட்டிகளிலும் கொண்டுபோன சுமைகளிலும் 14-லிருந்து 35 சதவீதம் வரை, தடுப்பூசியை உறையும் குளிருக்கு உள்ளாக்கியிருக்கின்றன என்று சொன்னது. பணக்கார நாடுகளும் அந்தக் கணக்கில் இருந்தன, ஆக நம் ஊர் ஊழியருக்கு மட்டும் தெரியாத விஷயம் இல்லை இது.

சரி, முதல் கேள்விக்கு வருகிறேன். ஐஸ் பேக்.

என் கையால் நடந்த ஒன்றையே சொல்கிறேன். பென்டா நம் மாநிலத்துக்கு வந்தது 2011 டிசம்பரில், தமிழ்நாடும் கேரளாவும்தான் முதலில் தொடங்கியவை. அதற்கு அடுத்த குளிர்காலம், மலையோர நிலையம் ஒன்றில் இருந்தேன். புதன்கிழமை காலை, தடுப்பூசி நாள், மூன்று துணை சுகாதார நிலையங்களுக்குக் கேரியர் போக வேண்டும். ஜீப் வாசலில் நிற்கிறது, டிரைவர் ஹாரன் அடிக்கிறார், மேலே போய்ச் சேரவே ஒன்றரை மணி நேரம். ஐஸ் பேக்கை டீப் ஃப்ரீசரிலிருந்து எடுத்தேன், கல் மாதிரி இருந்தது, அப்படியே நாலு பக்கமும் சொருகி, நடுவில் குப்பிகளை வைத்து மூடிக் கொடுத்துவிட்டேன். மதியம் ஒரு கிராம சுகாதார செவிலியர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், கேரியரைத் திருப்பிக் கொண்டு வந்து மேசையில் வைத்தார். "சார், பென்டாவை ஆட்டினா மணல் மாதிரி கீழ இறங்குது, நான் யாருக்கும் போடல, அடுத்த வாரம் வரச் சொல்லிட்டேன்" என்றார். நான் வி.வி.எம். பார்த்தேன், வெளிறி நன்றாக இருந்தது. நன்றாகத்தானே இருக்கிறது சிஸ்டர் என்று சொன்னேன். அவர் விடவில்லை. "வட்டம் நல்லாத்தான் இருக்கு, மருந்து நல்லா இல்ல" என்றார்.

மறுநாள்தான் நான் முதல் முறையாக ஷேக் டெஸ்ட் (குப்பியை ஆட்டிப் பார்க்கும் சோதனை) செய்தேன், அவர் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்க. அவர் சொன்னதுதான் சரி. மற்ற இரண்டு கேரியரும் அதே காலையில் அதே கையால் கட்டியவை, அங்கே குழந்தைகளுக்குப் போட்டும் முடிந்துவிட்டது. மருத்துவ அலுவலரிடம் போய்ச் சொன்னேன். உறைந்த மருந்தில் போட்ட தவணை கணக்கில் சேராது, திரும்பப் போட வேண்டும், பதிவேட்டைப் பார்த்து ஒவ்வொரு வீடாகத் தேடிக் கூட்டி வந்தோம். ஒரு பாட்டி என் முகத்துக்கு நேராகக் கேட்டார், "ஒரு வாட்டி குத்துனது பத்தலையா, புள்ள ராத்திரியெல்லாம் காய்ச்சல்ல அழுதுச்சே" என்று. அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை, மன்னிப்புதான் கேட்டேன். கொஞ்ச நேரம் பொறுத்திருந்தால் அந்தக் குழந்தைகளுக்கு இரண்டாவது ஊசி இல்லை.

ஐஸ் பேக் டீப் ஃப்ரீசரிலிருந்து வரும்போது மைனஸ் 15, மைனஸ் 20-ல் இருக்கும். அதை வெளியே எடுத்து மேசை மேல் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி வையுங்கள். மேல்பக்கம் முதலில் வெள்ளையாகப் பனி பூக்கும், பிறகு அது கரைந்து முத்து முத்தாக வேர்க்கும். அப்போது கையில் எடுத்துக் காதோரம் வைத்து ஆட்டிப் பாருங்கள், உள்ளே பனிக்கட்டி தண்ணீரில் லேசாக மோதும் சத்தம் கேட்க வேண்டும். அந்தச் சத்தம் கேட்டால் உள்ளே பனியும் தண்ணீரும் சேர்ந்து இருக்கிறது, அதாவது பூஜ்யத்தில் நிற்கிறது, இனி குப்பியை உறைய வைக்காது. இதைத்தான் கண்டிஷனிங் என்கிறோம். எத்தனை நிமிடம் என்று கேட்காதீர்கள், அதற்கு ஒரே பதில் கிடையாது. சித்திரை மாதம் ஊத்தங்கரையில் சீக்கிரம் ஆகிவிடும், மார்கழிக் காலையில் தளியில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் எடுக்கும். கடிகாரத்தை நம்பாமல் காதை நம்புங்கள். ஜீப் எட்டு மணிக்கு என்றால் நீங்கள் ஆறரைக்கு வந்து ஐஸ் பேக்கை வெளியே எடுக்க வேண்டும், உங்கள் ஊர்ப் பக்கம் குளிர்காலத்தில் இன்னும் முன்னாலேயே. டிரைவர் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும்.

ஐஸ் பேக்கில் தண்ணீரை அதில் போட்டிருக்கும் கோடு வரைக்கும்தான் ஊற்ற வேண்டும், உறையும்போது விரிய இடம் வேண்டும். உப்பு போடக்கூடாது. மூடி ஒழுகுகிற பேக்கைத் தூக்கிப் போடுங்கள், ஏன் என்று கீழே சொல்கிறேன். கேரியரில் நாலு பக்கமும் நாலு பேக், ஒன்று குறைத்தாலும் தவறு, நடுவில் குப்பிகளை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு வையுங்கள், லேபிள் நனையாது, குப்பி நேராகப் பேக்கில் ஒட்டாது. கரைப்பானும் (பொடி மருந்தைக் கலக்கும் திரவம்) அதே கேரியரில் போக வேண்டும். முகாம் நடக்கும்போது ஒரு பேக்கை எடுத்து மேசை மேல் வைத்து அதில் இருக்கும் இரண்டு குழியில் குப்பி வைக்கிறோம் இல்லையா, அந்தக் குழி போலியோ சொட்டுக்கும் கலக்கிய பி.சி.ஜி. (காசநோய்), எம்.ஆர். (தட்டம்மை-ரூபெல்லா) மருந்துக்கும் மட்டும்தான். பென்டாவை அங்கே வைக்கிற செவிலியரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், பக்குவமாகச் சொல்லுங்கள், அவர்கள் அக்கறையால்தான் வைக்கிறார்கள்.

அஞ்செட்டி, உரிகம் காட்டு வழியிலும் சித்தேரி மேலேயும் வத்தல்மலையிலும் கேரியர் தூக்கிக்கொண்டு நடந்த செவிலியர்களுக்கு இதெல்லாம் யாரும் சொல்ல வேண்டியதில்லை. பென்னாகரம் பக்கம், வாக்குப்பதிவு இயந்திரமே கழுதை முதுகில் ஏறிப்போன கோட்டூர் மலை மாதிரி ஊருக்கெல்லாம் மருந்து போய்ச் சேருவது அவர்கள் தோளில்தான். நாம் கீழே காலையில் அவசரத்தில் செய்யும் தவறு அவர்கள் நடந்த நடையையெல்லாம் வீணாக்கிவிடும், இதை மட்டும் மனதில் வையுங்கள்.

இரண்டாவது கேள்வி, ஷேக் டெஸ்ட். இது வாயால் சொல்லி வராது, ஒரு தடவை கையால் செய்துவிட வேண்டும். சந்தேகப்படும் குப்பி எந்தக் கம்பெனி, எந்த பேட்ச் நம்பரோ அதே கம்பெனி, அதே பேட்சில் இன்னொரு குப்பியை எடுங்கள். அதன் மேல் "உறைந்தது, போடக்கூடாது" என்று பேனாவால் பெரிதாக எழுதிவிட்டு டீப் ஃப்ரீசரில் ராத்திரி முழுக்க வைத்து நன்றாக உறைய வையுங்கள். காலையில் எடுத்து அதுவாக உருக விடுங்கள், வெந்நீரில் போட வேண்டாம். பிறகு இரண்டையும் ஒரே கையில் சேர்த்துப் பிடித்துப் பத்துப் பதினைந்து வினாடி நன்றாக ஆட்டி, சமதளமான மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுக் குனிந்து கண் மட்டத்தில் பாருங்கள். வெளிச்சம் பின்னாலிருந்து வந்தால் நன்றாகத் தெரியும். உறைய வைத்த குப்பியில் கசடு சீக்கிரம் கீழே இறங்கும், மேலே தெளிந்துவிடும். சந்தேகக் குப்பி கலங்கலாகவே நின்று மெதுவாக இறங்கினால் அது உறையவில்லை, போடலாம். அதே வேகத்தில் இறங்கினாலோ, இன்னும் வேகமாக இறங்கினாலோ அது முடிந்தது. அரை மணி நேரம் வரை பொறுமையாகப் பாருங்கள்.

குப்பி கண்ணெதிரே கட்டியாக உறைந்து கிடந்தால் சோதனையே வேண்டாம், நேராக ஒதுக்க வேண்டியதுதான். அப்புறம் இந்தச் சோதனை அலுமினியம் சேர்த்த தடுப்பூசிக்கு மட்டும்தான். ஐ.பி.வி. (ஊசியாகப் போடும் போலியோ மருந்து) தெளிந்த திரவம், அதில் இறங்கக் கசடே கிடையாது, ஆனால் அதுவும் உறையக்கூடாத மருந்துதான். ஆட்டிப் பார்த்துவிட்டு "கசடு இல்லை, நன்றாக இருக்கிறது" என்று அதைப் போட்டுவிடாதீர்கள்.

மூன்றாவது, ஞாயிற்றுக்கிழமை. இந்தக் கேள்விதான் உங்களுக்கு மிகவும் வலித்திருக்கும் என்று நினைக்கிறேன். ஞாயிறு யார் வருவார்கள்? ஆனால் ஐஎல்ஆருக்கு ஞாயிறு கிடையாது, பொங்கல் கிடையாது. காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை, வருஷம் 365 நாளும் வெப்பநிலை எழுத வேண்டும். விடுமுறை நாளில் யார் எழுதுவது என்பதை மருத்துவ அலுவலரிடம் பேசி, இரவுப் பணியில் இருக்கும் செவிலியர் பெயரோடு மாத ஆரம்பத்திலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். திங்கட்கிழமை காலை வந்து சனி, ஞாயிறு இரண்டுக்கும் 4, 5, 4, 5 என்று நிரப்புகிற பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. அந்த நோட்டுகளை நான் நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன், ஒரு மாதம் முழுக்க ஒரே எண், ஒரே பேனா, ஒரே சாய்வு. ஒரு நிஜமான பெட்டி அப்படி ஓடாது.

ஒரு ஏப்ரல் மாதம், வேறொரு நிலையத்தில். வெயில் கொளுத்துகிறது, சனிக்கிழமை மாலை யாரோ நல்லெண்ணத்தில் தெர்மோஸ்டாட் குமிழைக் கூடுதல் குளிர்ச்சிக்குத் திருகிவிட்டுப் போய்விட்டார்கள். ஞாயிறு முழுக்க யாரும் பார்க்கவில்லை. திங்கள் காலை கரண்ட் கொஞ்ச நேரம் போய் வந்ததில் உள்ளே தெர்மாமீட்டர் 3 காட்டியது, 3 என்று எழுதி எல்லோரும் திருப்தி. அடிக்கூடையில் இருந்த ஹெபடைடிஸ் பி அட்டைப் பெட்டியை எடுத்தபோது அட்டை விறைப்பாக இருந்தது, அதனால்தான் தெரிந்தது. தெர்மாமீட்டர் இந்த நிமிடத்தை மட்டும் காட்டும், நேற்று ராத்திரி நடந்ததைச் சொல்லாது. குமிழை ஒரு தடவை சரியாக வைத்த பிறகு தொடவே கூடாது, அதன் மேல் ஒரு டேப் ஒட்டி "தொட வேண்டாம்" என்று எழுதிவிடுங்கள். தொட வேண்டிய நிலை வந்தால் ரெஃப்ரிஜிரேஷன் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

இப்போது ஈவின் (தடுப்பூசி இருப்பையும் வெப்பநிலையையும் கண்காணிக்கும் அரசின் மின்னணு அமைப்பு) வந்துவிட்டது, பெட்டிக்குள் வெப்பநிலையைத் தானாகப் பதியும் லாகர் இருக்கிறது, வரம்பு தாண்டினால் செல்போனுக்கு எஸ்.எம்.எஸ். வருகிறது. மிக நல்ல விஷயம், எங்கள் காலத்தில் இது இருந்திருந்தால் எத்தனையோ குப்பி தப்பியிருக்கும். ஆனால் அந்த எஸ்.எம்.எஸ். யார் போனுக்கு வருகிறது என்று முதலில் பாருங்கள். மாறுதலாகிப் போனவர் எண்ணுக்கே இன்னும் வந்துகொண்டிருக்கிற நிலையங்கள் உண்டு. லாகர் இருக்கிறது என்பதால் கையால் எழுதுவதை நிறுத்தவும் வேண்டாம். நேரில் போய்ப் பார்க்கும்போதுதான் மூடி சரியாக மூடாததும், ரப்பர் கிழிந்ததும், ஸ்டெபிலைசர் விளக்கு அணைந்ததும் தெரியும்.

பெட்டியைப் பற்றியும் கொஞ்சம். ஐஎல்ஆரில் அடிப்பகுதிதான் மிகக் குளிர்ந்த இடம். அதனால் குப்பிகளைக் கூடையில்தான் வைக்க வேண்டும், தரையில் வைக்கவே கூடாது. கூடையில் போலியோ சொட்டு, பி.சி.ஜி., எம்.ஆர். கீழே, பென்டா, ஹெபடைடிஸ் பி, டி.டி., பி.சி.வி., ஐ.பி.வி. மேலே. இடையில் காற்று போக இடைவெளி. தெர்மாமீட்டர் மூடியில் தொங்காமல் குப்பிகளுக்கு நடுவே இருக்கட்டும். உட்சுவரில் பனி 5 மில்லிமீட்டருக்கு மேல் பிடித்தால் காலி செய்து டிஃப்ராஸ்ட் செய்யுங்கள், கத்தியால் சுரண்டாதீர்கள். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, வெயில் படாத இடம், தனி பிளக். டீப் ஃப்ரீசர் நம் மட்டத்தில் ஐஸ் பேக் செய்ய மட்டும்தான், அதில் தடுப்பூசி வைக்கக் கூடாது. தண்ணீர் பாட்டில், மதிய உணவு, வேறு மருந்து ஒன்றும் ஐஎல்ஆருக்குள் போகக் கூடாது. வெயில் காலத்தில் பெரிய அதிகாரியே தண்ணீர் பாட்டிலை நீட்டினாலும் "சார், இது தடுப்பூசிப் பெட்டி" என்று சொல்லுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கரண்ட் போனால் பதறாதீர்கள். ஐஎல்ஆருக்கு ஒரு நாளில் 8 மணி நேரம் தொடர்ந்து கரண்ட் இருந்தாலே அது குளிரைக் காத்துவிடும், அதற்காகத்தான் அந்தப் பெட்டியையே அப்படிச் செய்திருக்கிறார்கள். முதல் வேலை, மூடியைத் திறக்காமல் இருப்பது. "எப்படி இருக்கிறது பார்ப்போம்" என்று அரை மணிக்கு ஒரு தடவை திறப்பதுதான் பெட்டியைச் சூடாக்கும். நீண்ட நேரம் ஆகும் என்று தெரிந்தால் கோல்ட் பாக்ஸுக்கு (ஐஸ் பேக் அடுக்கும் பெரிய பெட்டி) மாற்றுங்கள், அங்கேயும் அதே விதிதான், கண்டிஷன் ஆன ஐஸ் பேக். நெருக்கடி நேரத்தில்தான் கல் மாதிரி பேக்கைத் தூக்கிப் போடுகிற தவறு அதிகம் நடக்கிறது. பக்கத்து நிலையம் எது, அங்கே இடம் இருக்கிறதா, யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்பதைப் பெட்டிக்கு மேலே சுவரில் எழுதி வையுங்கள், புயல் மழை ராத்திரியில் எண் தேடிக்கொண்டிருக்க முடியாது.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் சொல்லாமல் விடக் கூடாது. பி.சி.ஜி.-யும் எம்.ஆரும் பொடியாக வந்து கரைப்பானில் கலக்கிப் போடுகிறவை. கலக்கிய நேரத்தைக் குப்பி மேல் எழுதி, 4 மணி நேரத்தில் அல்லது முகாம் முடியும்போது, எது முந்தியோ அப்போது ஒதுக்கிவிட வேண்டும். இவற்றில் கிருமியைத் தடுக்கும் பொருள் எதுவும் சேர்ப்பதில்லை, கலக்கிய பிறகு கிருமி புகுந்தால் உள்ளே பெருகி விஷத்தைக் கக்கும், அது குழந்தையின் உயிருக்கே ஆபத்து. ஒரே ஒரு குழந்தைக்காகத் திறந்தோமே, மீதி வீணாகிறதே என்று சாயங்காலம் வரை வைத்திருக்காதீர்கள். பொடி எந்தக் கம்பெனியோ கரைப்பானும் அதே கம்பெனிதான், பி.சி.ஜி. கரைப்பானும் எம்.ஆர். கரைப்பானும் ஒன்றில்லை. கரைப்பானைக் கலக்குவதற்கு 24 மணி நேரம் முன்பே ஐஎல்ஆருக்குள் வைத்துக் குளிர வையுங்கள், சூடான கரைப்பானை ஊற்றினால் மருந்து அங்கேயே அடிபடும்.

பென்டா, ஹெபடைடிஸ் பி, டி.டி., போலியோ சொட்டு, ஐ.பி.வி. இவையெல்லாம் திறந்த பிறகு 28 நாள் வரை வைத்துப் போடலாம். ஆனால் திறந்த தேதியும் நேரமும் லேபிளில் இருக்க வேண்டும், காலாவதி தேதி தாண்டியிருக்கக் கூடாது, வி.வி.எம். நன்றாக இருக்க வேண்டும், குளிரில் இருந்திருக்க வேண்டும், ரப்பர் மூடி தண்ணீரில் மூழ்கியிருக்கக் கூடாது. ஒழுகுகிற ஐஸ் பேக்கைத் தூக்கிப் போடச் சொன்னது இதற்காகத்தான். கேரியர் அடியில் தண்ணீர் தேங்கி, அதில் குப்பி தலைகீழாகக் கிடந்தால் அந்தக் குப்பியின் கதை முடிந்தது.

கடைசியாக, உங்கள் கேள்வியின் கீழே சின்னதாக ஒன்று எழுதியிருந்தீர்கள்: "ஏதாவது உறைந்துவிட்டது என்று தெரிந்தால் சொன்னால் மெமோ வருமா சார், பிடித்தம் செய்வார்களா?" இந்தப் பயம்தான் நம் மாவட்டங்களில் நான் பார்த்த எல்லா அறியாமையையும் விடப் பெரியது. உறைந்த குப்பியைக் கண்டுபிடிக்கிறவருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் போவதும், கண்டுகொள்ளாமல் போட்டுவிட்டவர் நிம்மதியாக இருப்பதும் நடந்திருக்கிறது. அப்படி இருந்தால் யார் சொல்வார்கள்? பார்வையிடப் போகிற அதிகாரிகள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து கேளுங்கள்: ஒரு வருஷத்தில் ஒரு குப்பி கூட உறையவில்லை, ஒரு குப்பி கூட ஒதுக்கவில்லை என்று எழுதியிருக்கிற நிலையத்தைப் பாராட்டாதீர்கள், அங்கேதான் உட்கார்ந்து நோட்டைப் புரட்ட வேண்டும்.

என் விஷயத்தில் எனக்கு மெமோ வந்தது, பதில் எழுதினேன், நடந்ததை நடந்தபடி எழுதினேன். மருத்துவ அலுவலர் அதன் கீழே, அடுத்த புதன்கிழமையிலிருந்து ஜீப் ஒரு மணி நேரம் தாமதமாகக் கிளம்பும் என்று ஓர் உத்தரவு போட்டார். அத்தோடு முடிந்தது. நீங்களும் அப்படியே செய்யுங்கள், குப்பியைத் தனியாக எடுத்து "போடக்கூடாது" என்று எழுதிப் பைக்குள் போட்டு, பேட்ச் நம்பர், எத்தனை குப்பி, எப்போது பார்த்தீர்கள், பெட்டியின் வெப்பநிலை, யாருக்குச் சொன்னீர்கள் என்று ஸ்டாக் ரிஜிஸ்டரிலும் ஒரு தனித் தாளிலும் எழுதி அன்றைக்கே மருத்துவ அலுவலரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

புத்தகம் எது என்று கேட்டீர்கள். தடுப்பூசி மற்றும் குளிர்பதன சங்கிலி கையாளுவோருக்கான அரசின் கையேடு உங்கள் நிலையத்திலேயே இருக்கும், பீரோவில் தேடுங்கள், பெரும்பாலும் பழைய ரிஜிஸ்டர்களுக்கு அடியில் கிடக்கும். ஆனால் அதைத் திறப்பதற்கு முன்னால் நாளைக்கே ஒரு காலாவதியான பென்டா குப்பியை டீப் ஃப்ரீசரில் வைத்து, மறுநாள் உங்கள் செவிலியர்கள் எல்லோரையும் மேசையைச் சுற்றி நிற்க வைத்து, அதே பேட்சில் உறையாத ஒன்றையும் பக்கத்தில் வைத்து ஆட்டிக் காட்டுங்கள். கசடு இறங்குவதை அவர்கள் கண்ணால் பார்க்கட்டும். முடிந்ததும் இரண்டு குப்பியையும் ஒதுக்கும் பையில் போட மறக்க வேண்டாம்.